முழந்தாளில் சொன்ன செய்தி

1

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பேஸ்மென்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பெயர் சசிகலா. கைக்குழந்தையோடு தமையன் வீட்டில் இருக்கிறாள். குழந்தையின் தகப்பன் எங்கே என்று எவரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, இஞ்சை ஆரோடையாவது மனம் விட்டுக் கதைக்கலாமோ?"

"கதைக்கலாம் பிள்ளை," என்றேன். பிறகு, "ஆனால்..." என்று இழுத்தேன். அதற்குள் குழந்தை அழுதது. அவள் தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த 'ஆனால்' ஒரு கிழமையாக என்னோடு வேலைக்கு வந்து, என்னோடு பஸ்ஸில் திரும்புகிறது. அதை முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து எழுதுகிற நீங்கள் கேட்பதெல்லாம் வேறு கேள்விகள். அங்கே கோயில் உண்டா, நம்முடைய ஆட்கள் கூடுகிறார்களா, தமிழில் பாட்டு உண்டா? எல்லாம் உண்டு. ஸ்காபரோவில் வெள்ளைக்காரர்களுடைய ஒரு செங்கல் கோயிலை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அவர்கள் காலையில் கும்பிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போன பிறகு நாங்கள் உள்ளே போவோம். நாங்கள் போகும்போது கோப்பி மணக்கும். நாங்கள் வெளியே வரும்போது ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணக்கும். சாவியை வாங்க வரும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து, உங்களிடம் எவ்வளவு அழகான ஐக்கியம் என்று ஒருநாள் வியந்தார். அன்றைக்குக் குசினிக்குள் இரண்டு பேர், கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு யார் சோறு போடுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாததால் அவருக்கு அது பாட்டுப் பயிற்சி போலக் கேட்டிருக்க வேண்டும்.

2

நான் ஒரு இடத்தில் இருக்கிற ஆள் இல்லை. கொழும்பில் சாப்பாட்டுக் கடை, பிறகு கிரேக்கக் கப்பல், பிறகு ஜெர்மனி, பிறகு பாரிஸில் பாத்திரம் கழுவுதல், பிறகு மொன்றியல். ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று கசக்கும். பையைக் கட்டுவேன். பை கட்டுவதில் எனக்கு நல்ல கைப்பழக்கம். கட்டிய கையோடு மனம் இலேசாகிவிடும்.

இதற்கு நடுவில், கப்பலிலிருந்து லீவில் போய்வந்த காலத்தில் கலியாணமும் நடந்தது. மனைவி ஜெயராணி. ஒரு மகள், ஒரு மகன். அவர்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார்கள். ராணி பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துத் தன்னையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். நான் அனுப்புகிற காசு வந்தாலும் அவளுடைய தையல் வகுப்பு நின்றதில்லை.

ரொறன்ரோ வந்து டோர்செட் பார்க்கில் ஒரு உயரமான கட்டடத்தில் இன்னும் இருவரோடு அறை எடுத்தேன். மஃபின் செய்கிற தொழிற்சாலையில் வேலை. கோயிலுக்குப் போகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தவன்தான், ஆனால் கப்பலேறிய பிறகு பாட்டுப் புத்தகத்தைத் தொட்டதில்லை.

அதே கட்டடத்தில் ஆறாம் மாடியில், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகும் மனைவியோடும் மகனோடும் இருந்தார் ஞானரத்தினம். எல்லோருக்கும் ஞானம் அண்ணை. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிறார். பின் கதவு சரியாகப் பூட்டாத ஒரு பழைய வான் வைத்திருந்தார். பனி கொட்டிய ஒரு மாரிக்கால ஞாயிறு, பஸ் வராமல் நான் தரிப்பில் விறைத்துக்கொண்டு நின்றபோது அந்த வான் வந்து நின்றது.

"எங்கை தம்பி போறீர்?"

"சும்மா, மோலுக்கு, கடையளைப் பாக்க."

"இந்தக் குளிருக்கை சும்மா போறதுக்கு மோலோ? ஏறும். கோயிலிலை ஹீற்றர் இலவசம்."

ஹீற்றருக்காக ஏறினேன். அப்படித்தான் தொடங்கியது.

இங்கே ஒருவரோடு ஒருவர் நெருங்குவது பெரும்பாலும் வாகனத்துக்குள்தான். வீட்டில் பிள்ளைகள், ரெலிவிஷன், விருந்தாளிகள். தொழிற்சாலையில் இரைச்சல். வானுக்குள் இரண்டு பேரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அதனால் வாயில் வராத கதைகளும் வந்துவிடும். அவர் தன் மகன் தினேஷைப் பற்றிச் சொல்வார். பின் இருக்கையில் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பெடியன். தகப்பன் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்வான், அதுவும் ஒரு சொல்லில்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஞானம் அண்ணை பிளாஸ்கில் கஞ்சியோடு வந்து, மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்த அறையில் பின்னேரம் முழுக்க இருந்தார். ஒன்றும் கதைக்கவில்லை. பேப்பர் வாசித்தார். இடைக்கிடை என் நெற்றியில் கை வைத்தார். ஆராதனையில் வேதபாடம் வாசிக்க என் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். நீளமான பெயர்கள் வந்த இடத்தில் நான் தடக்கித் தடக்கி நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு இறங்கி வந்தபோது, "அந்த இராசாக்களின்ரை பேர் ஒருத்தருக்கும் வராது. பாஸ்டர் உதுகளைப் பாய்ஞ்சு போடுவார்," என்று காதில் சொன்னார்.

எத்தனையோ ஊர் சுற்றிய எனக்கு, ஒரு கூட்டத்தில் என் இருக்கை என்று ஒன்று இருந்தது அதுதான் முதல் தடவை.

3

குடும்பத்தைக் கூப்பிட மனுக் கொடுத்தேன். குடிவரவு அலுவலகத்தில் இருந்த பெண், நான் இதுவரை இருந்த விலாசங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்க வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்தார். "கனக்க இடம் மாறியிருக்கிறியளாம்," என்றார். பிறகு தன்பாட்டில், "உங்களைக் கட்டினவ பாவம்," என்று சேர்த்தார். அதை அந்தப் பெண் சொல்லவில்லை என்பது அவ்வளவு இங்கிலிஷ் தெரியாத எனக்கும் விளங்கியது.

நெடுநாள் இழுத்து, ஒருவழியாகக் கொழும்பில் ராணியையும் பிள்ளைகளையும் விசாவுக்கான உடல் பரிசோதனைக்கு, மெடிக்கலுக்கு, கூப்பிட்டார்கள். குறித்த காலத்துக்குள் போகாவிட்டால் பைலை மூடிவிடுவார்கள். சந்தோஷமாகத் தொலைபேசிக் கார்ட் ஒன்று வாங்கி, ராணி இருந்த வீட்டுக்காரரின் நம்பருக்கு எடுத்தேன்.

"நான் போகேல்லை," என்றாள்.

"என்ன, சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். இஞ்சேருங்கோ, கோவிக்காமல் கேளுங்கோ. பிள்ளையள் இஞ்சை பள்ளிக்கூடத்திலை ஒரு நிலைக்கு வந்திட்டுதுகள். எனக்கும் என்ரை தையல் இருக்குது. அங்கை வந்து, நீங்கள் வேறை எங்கையும் வெளிக்கிட்டால், அந்தப் பனிக்கை நான் ஆரின்ரை வாசலிலை நிக்கிறது?"

"நான் ஏன் வெளிக்கிடப்போறன்?"

"முந்தியும் உதைத்தான் சொன்னனீங்கள்."

கார்ட் முடிந்துவிட்டது.

அந்த ஞாயிறு வானில் ஞானம் அண்ணை, "மெடிக்கல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். தினேஷ் அன்று வரவில்லை. றோட்டைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வரமாட்டாள் என்கிறாள், காலம் போய்க்கொண்டிருக்கிறது, என் பிள்ளைகளின் முகம் எனக்குப் படத்தில் மட்டும்தான் தெரியும். கோயில் வாசலில் வானை நிறுத்திய பிறகும் அவர் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சீச்சீ. நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

4

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைகளில் வீட்டு ஜெபக்கூட்டம். ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வொரு வீட்டில். சோபாவைச் சுவரோடு தள்ளி, காபெற்றில் எல்லோரும் நெருக்கியடித்து இருப்போம். இரண்டு பாட்டு, ஒரு சின்னப் பிரசங்கம். பிறகு பாஸ்டர், "ஜெப விண்ணப்பம் இருந்தால் சொல்லுங்கோ," என்பார். ஒருவர் மனைவியின் முழங்கால் நோவைச் சொல்வார். ஒருவர் வேலை போனதைச் சொல்வார். ஒருவர் ஊரில் யுத்தத்தின் செல்லடிக்குள் நிற்கும் தாயைச் சொல்லி அழுவார். பிறகு எல்லோரும் முழந்தாளில் நின்று ஜெபிப்போம். அந்நியமான ஒரு ஊரில், என் துன்பத்துக்காக இன்னொருவர் கண்ணீர் விடுகிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. அதற்காகத்தான் பலர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வெள்ளி நான் ஒரு விண்ணப்பமும் சொல்லவில்லை. முழந்தாளில் நின்றோம். முதலில் பாஸ்டர், பிறகு இரண்டு பேர். அதற்குப் பிறகு ஞானம் அண்ணையின் குரல் எழும்பியது. ஜெபத்தில் அவருக்கு வேறு ஒரு தமிழ் வரும்.

"ஆண்டவரே, எங்கள் நடுவிலே தனிமையிலே வாடுகிற சாமுவேல் சகோதரனை நினைத்தருளும். கணவனிடத்தில் வர மறுக்கிற அவர் மனைவி ஜெயராணியின் கடினப்பட்ட இருதயத்தை நீரே இளக்கும். மெடிக்கலுக்குப் போகத்தக்கதாக அந்த மகளுடைய மனதை மாற்றும்."

சாமுவேல் நான்தான். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். எனக்குப் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணை மூடிக்கொண்டு நிற்பதில் உள்ள ஒரே நன்மை, அந்த நேரத்தில் மற்றவர்களின் முகம் தெரியாது என்பதுதான்.

கண்ணைத் திறந்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது. பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் வழிந்தது. என் தட்டில் மட்டும் இரண்டு பற்றிஸ் கூட வைத்தார்கள்.

சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒரு ஏற்பாடும் இருந்தது. அவசரமான விண்ணப்பத்தை ஒருவர் அடுத்தவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அவர் அதற்கு அடுத்தவருக்கு. சேர்த்துச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் மனிதர் கையில் போகிற செய்தி சும்மா போகாது. அன்றிரவே என் கதையும் அதில் ஏறியது. நான் தினமும் அழுகிறேன் என்று ஒருவர் சேர்த்தார். ராணிக்கு அங்கே ஏதோ இருக்கிறதாம் என்று இன்னொருவர் சேர்த்தார். சங்கிலியின் கடைசியில் இருந்த ஒரு அம்மாவின் தங்கை வெள்ளவத்தையில், ராணி இருந்த அதே ஒழுங்கையில் இருந்தாள்.

அடுத்த கிழமை ராணி எடுத்தாள். அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தது அதுவே முதல் தடவை. காசு கொடுத்துப் பேசுகிற கொமியூனிகேஷன் கடையிலிருந்து எடுத்தாள். பின்னால் பஸ்களின் கோர்ண் சத்தம் கேட்டது.

"கடினப்பட்ட இருதயமாம் எனக்கு," என்றாள். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

"ராணி..."

"கனடாவிலை கூட்டம் கூடி, முழந்தாளிலை நிண்டு, என்னை மாத்தச் சொல்லிக் கேட்டவையாம். தையல் வகுப்புக்கு வாற பெட்டையளின்ரை தாய்மாருக்கும் தெரியும். ஒண்டு கேக்கிறன். அவ்வளவு பேர் நிண்டவையே, உங்களை ஒரு இடத்திலை இருத்தச் சொல்லி ஆராவது ஒரு ஆள் ஜெபிச்சவையோ?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மாறவேண்டியது நான்தானோ?"

வைத்துவிட்டாள்.

5

கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். தொலைபேசியில் பாஸ்டரின் குரல் கேட்டால் வைத்துவிட்டேன். லிஃப்டில் ஞானம் அண்ணையைச் சந்திக்காமல் இருக்கப் படிக்கட்டால் ஏறி இறங்கினேன்.

கல்கரியில் இருந்த ஒரு பழைய கப்பல் சினேகிதன், அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், வா என்றான். பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். பழைய இலேசு மனதுக்குள் வந்தது. ஒருவருக்கும் முகம் காட்டத் தேவையில்லை. அங்கே நான் புது ஆள், எனக்கு ஒரு கதையும் இருக்காது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வான் கீழே வந்து நின்றது. கோர்ண் அடிப்பதில்லை. இன்ஜின் போட்டபடி, புகை கக்கிக்கொண்டு நிற்கும். மேலே ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஆராதனைக்கு நேரம் தப்பும் மட்டும் நின்றுவிட்டுப் போகும். பின் இருக்கையில் தினேஷும் இல்லை. அதை மேலிருந்து கவனிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் தினேஷைக் கண்டேன். மெஷின் மேல் ஏறி இருந்தான்.

"அங்கிள், யூ ஸ்டொப்ட் கோயிங், ரைட்?"

"ஓம். நீயும் போறேல்லைப் போல."

"மீ டூ." காதில் இருந்ததைக் கழற்றினான். தமிழைத் தேடித் தேடிச் சொன்னான். "என்ரை மாத்ஸ் மார்க் முழு சேர்ச்சுக்கும் தெரியும் அங்கிள். லாஸ்ட் இயர் நான் ஒரு கேர்ளோடை கதைச்சது, அதுவும் தெரியும். அப்பா ஜெபம் பண்ணுறார். ஸோ லவுட். அன்ரிமார் என்னைப் பாத்து அழுகினம். ஐ ஹாவ் டு கோ அண்ட் ஈட் ரோல்ஸ் வித் தெம்."

"கொப்பாவோடை இதைக் கதைச்சனியோ?"

"கதைச்சா, அதுக்கும் ப்ரே பண்ணுவார்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு நின்ற பிறகு அவன் மெஷினுக்குள் சுற்றுகிற உடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

6

அடுத்த ஞாயிறு கீழே இறங்கினேன். வெளிக்கிட்டுப் போவதற்கு முன் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். கதவைத் திறந்து என் பழைய இருக்கையில் இருந்தேன்.

"வாரும்," என்று சொல்லிவிட்டுக் கியரைப் போடப் போனார்.

"நான் கோயிலுக்கு வரேல்லை அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டனான். சொல்லமாட்டன் எண்டனீங்கள்."

அவர் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். "நான் ஆருக்கடாப்பா சொன்னனான்?"

"எல்லாருக்கும் முன்னாலை!"

"அது ஜெபமெல்லோ. ஆண்டவருக்கெல்லோ சொன்னனான்."

இதை அவர் நடிக்கவில்லை. இன்றுவரை எனக்கு அதில் சந்தேகம் இல்லை. மனிதருக்குச் சொல்வது ஒன்று, ஜெபத்தில் சொல்வது வேறொன்று என்றுதான் அவர் வளர்ந்திருந்தார். அந்த அறையில் நாற்பது காதுகள் இருந்தது அவர் நினைவிலேயே இல்லை.

"ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும் அண்ணை. மெதுவாச் சொல்லியிருக்கலாம்."

முன் கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்திருந்தது. அவர் கையுறையால் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி படிந்தது.

"தினேஷும் உதைத்தான் சொன்னவன்," என்றார் பிறகு. "என்னைப் பற்றிக் கதைக்காதேங்கோ எண்டு. நான் கத்திப்போட்டன், தகப்பன் பிள்ளைக்காக ஜெபிக்கக் கூடாதோ எண்டு." கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். "எனக்கு வேறை என்ன தெரியும் தம்பி? அவன்ரை பள்ளிக்கூடத்திலை போய்க் கதைக்க எனக்கு இங்கிலிஷ் காணாது. அவன் கேக்கிற பாட்டு எனக்கு விளங்காது. முழந்தாளிலை நிண்டு அழுறது ஒண்டுதான் தெரியும்."

நான் கொண்டுவந்த நாலு வார்த்தையும் எங்கேயோ போய்விட்டன.

"நான் கல்கரிக்குப் போறன்," என்றேன்.

"எப்ப?"

"அடுத்த கிழமை."

அவர் என்னைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போம்," என்றார். "இல்லாட்டி நான் உதிலை வந்து நிண்டுகொண்டிருப்பன்."

எத்தனையோ இடத்தை விட்டுப் போனவன் நான். ஓரிடத்திலும் ஒருவருக்கும் சொல்லிவிட்டுப் போனதில்லை, சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டவரும் இல்லை. அந்த ஞாயிறு அவரோடு கோயிலுக்குப் போனேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று என் இருக்கையில் இருந்தேன். கல்கரிக்கு அந்தக் கிழமை போகவில்லை. அதற்கடுத்த கிழமையும் போகவில்லை. விசுவாசம் பெருகியதால் என்று பாஸ்டர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வான் வெறுமனே வந்து நிற்குமே என்ற எண்ணம் பொறுக்க முடியாததாக இருந்தது, அவ்வளவுதான்.

ராணியோடு கதைப்பது மெல்லத் திரும்பத் தொடங்கியது. மெடிக்கலுக்குப் போகச் சொல்லி நான் கேட்கவில்லை. பைலை மூடிவிட்டார்கள் என்று கடிதம் வந்தபோதும் அவளைக் குறை சொல்லவில்லை. மறுபடி மனுக் கொடுத்தேன். விலாசம் எழுதும் இடத்தில் இந்த முறை பழைய விலாசத்தையே எழுதினேன். இடைக்கிடை ராணியே கொமியூனிகேஷன் கடையிலிருந்து எடுப்பாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள். எதற்காக எடுக்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

ஒருநாள் அவளே சொன்னாள். "இன்னும் அதே நம்பரிலைதான் இருக்கிறியள்."

"மாறினால் உவங்கள் அதுக்கும் ஒரு ஜெபச் சங்கிலி போட்டிடுவாங்கள்."

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. சிரித்தாளா, இருமினாளா என்று நிச்சயமாகச் சொல்லமாட்டேன். இரண்டாவது முறை மெடிக்கலுக்குக் கூப்பிட்டபோது போனாள்.

7

விமான நிலையத்துக்கு ஞானம் அண்ணையின் வானில்தான் போனோம். வேறு வாகனம் எனக்கு எங்கே? மகளுக்கு என் தோள் உயரம் வந்திருந்தது. மகன் என்னை 'நீங்கள் தானோ' என்பது போலப் பார்த்தான். ராணி பிள்ளைகளோடு பின்னால் ஏறிக்கொண்டாள். வான் நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு பின்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"அண்ணை, எனக்காக ஜெபிச்ச ஆள் நீங்கள்தானே?"

ஞானம் அண்ணை கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி."

"என்ரை மனம் மாறேல்லை. பிள்ளையளுக்கு ஒரு தகப்பன் வேணுமெண்டு வந்தனான். இவர் நிக்கிறாரோ எண்டு பாக்க வந்தனான். அதையும் அங்கை சொல்லிப்போடுங்கோ."

"நான் ஒண்டும் சொல்லமாட்டன் தங்கச்சி."

"ஆண்டவருக்கும் சொல்லாதேங்கோ. அவரோடை நான் கதைக்கிறன்."



எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ராணியும் நானும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர் போல மரியாதையாக இருக்கிறோம். வேலை முடிந்து நான் பிந்தி வந்தால், ஏன் பிந்தியது என்று கேட்கமாட்டாள். பிள்ளைகளுக்கு ஒரு மாரிக்காலத்துக்குள் இங்கிலிஷ் வந்துவிட்டது. என்னிடம் சொல்ல விரும்பாததை அவர்கள் அதில் பேசிக்கொள்கிறார்கள். ராணி கோயிலுக்கு வருகிறாள், பாடுகிறாள், விண்ணப்ப நேரத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை.

ஞானம் அண்ணையும் மாறினார், ஒரு மாதிரி. இப்போது பெயர் சொல்லி ஜெபிப்பதில்லை. "ஒரு குடும்பத்துக்காக," என்பார். அந்த ஜெபம் முடியும் வரைக்கும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அது எந்தக் குடும்பம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். தினேஷ் வீட்டை விட்டு ஒஷாவாவில் போய் இருக்கிறான். எப்போதாவது தாயோடு தொலைபேசியில் பேசுகிறானாம். தகப்பனோடு இல்லை. மகனுடைய பெயரை ஞானம் அண்ணை சபையில் எடுப்பதே இல்லை. ஆனால் முழந்தாளில் நிற்கும்போது அவருடைய உதடு சத்தமில்லாமல் அசைவதைக் கண்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பேஸ்மென்டுக் குசினியில் ராணி தேநீர்க் கேத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஞானம் அண்ணை அவளுக்குக் கிட்டப் போய், குனிந்து, மிக மெதுவாக ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அன்றிரவு வீட்டில் ராணியிடம் கேட்டேன்.

"அண்ணை என்னவாம்?"

"அது உங்களுக்குச் சொல்லுறதுக்கில்லை."

"தினேஷைப் பற்றியோ?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எவ்வளவு கேட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

இன்றைக்கும் ஞாயிறு. ஆராதனை முடிந்து, சசிகலா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, போன ஞாயிறு நின்ற இடத்திலேயே நின்றாள். நான் அவளிடம் போனேன்.

"பிள்ளை, போன கிழமை ஒண்டு கேட்டனீர் எல்லோ. அந்தா, கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறாவே, அவவோடை கதையும்."

அவள் தயங்கினாள். "அவ சிரிக்கிறதே இல்லை அண்ணை. எனக்குப் பயம்."

"எனக்கும் பயம்தான். என்ரை மனுசி. போம்."

போனாள். ராணி திரும்பிப் பார்த்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். மற்றக் கையால் தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். சசிகலாவின் வாய் அசைவது தெரிந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ஞானம் அண்ணை வான் சாவியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்னவாம் அந்தப் பிள்ளைக்கு?"

"தெரியாது அண்ணை."

அவருடைய வாய் ஏதோ சொல்லத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. சாவியைச் சட்டைப் பையில் போட்டார். நாங்கள் இருவரும் ஆட்கள் இருந்த கதிரைகளை மடிக்கப் போனோம்.